தீவுக்குப் போன குக்கர்

அமெரிக்காவில், பார்சிப்பனியில் நாங்கள் இருந்த காலத்தில், நம் ஆட்கள் எங்கே ஊர் சுற்றக் கிளம்பினாலும் காரின் டிக்கியில் முதலில் ஏறுவது குக்கர்தான். மோட்டல் அறையில் கதவிடுக்கில் துண்டை அடைத்து, ஸ்மோக் அலாரத்துக்கு ஷவர் கேப் மாட்டிவிட்டு ரசம் தாளித்தவர்களை எனக்குத் தெரியும். தாளித்தவர்களில் நானும் ஒருத்தி, இதில் மறைக்க என்ன இருக்கிறது. அதனால் என் வீட்டுக்காரர் வடகோடியில் மெய்ன் பக்கம் ஒரு தீவில் பழைய வீடு ஒன்றை ஐந்து நாளைக்கு வாடகைக்குப் பிடித்திருப்பதாகச் சொன்னபோது, கடலைப் பற்றியோ காற்றைப் பற்றியோ பேசவில்லை.

"கிச்சன் இருக்குது கண்ணு. ஃபுல் கிச்சன். நாமளே சமைச்சுக்கலாம்."

"யாரு சமைக்கறது?" என்று கேட்டேன்.

அவர் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார்.

நான் அப்போது சமைப்பதையே விட்டிருந்தேன். பிப்ரவரியில், ஐந்தாம் மாதத்தில், எனக்குக் கலைந்துபோனது. வெளியே முழங்கால் அளவு பனி. ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் காலையில் இவர் டை கட்டிக்கொண்டு ஆபீஸுக்குக் கிளம்பினார். இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் குழம்பிவிடும் என்று ஒய்-டூ-கே வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்த நேரம், லீவு கிடையாது என்றார்கள், புரிகிறது. புரிந்தாலும் அந்த டையின் முடிச்சை என்னால் மன்னிக்க முடியவில்லை. இந்த மனுஷன் என் முன்னால் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. எனக்கு அழ ஆள் இல்லை, பேச ஆள் இல்லை, என் விசாவில் வேலைக்குப் போகவும் வழியில்லை. நாள் முழுக்க ஜன்னல் வழியாகப் பார்க்கிங் லாட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அரிசி வேகும் வாசனை வந்தாலே குமட்டியது. குக்கரை அலமாரியின் அடித்தட்டில் தள்ளிவிட்டேன். அவர் பாலில் கொட்டிய சீரியலும் பிரட்டும் தின்று காலம் தள்ளினார், ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காததும் எனக்குக் கோபம்தான்.

பொள்ளாச்சியில் இருந்து அம்மா வாராவாரம் போனில் சொல்வாள், "ஒடம்பத் தேத்திக்கிட்டுப் போலாம், வந்துரு சாமி." செப்டம்பருக்கு டிக்கெட் போட்டோம். திரும்பி வரும் தேதியை எழுதாமல் ஓப்பனாக வைக்கச் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. திரும்பி வருவதில்லை என்று நான் மனதுக்குள் பாதிக்கு மேல் முடிவு செய்திருந்தேன். அந்த முடிவுக்கும் டிக்கெட்டுக்கும் நடுவில், ஆகஸ்டில்தான் இந்தத் தீவு.

மூட்டை கட்டியதெல்லாம் அவர். நான் சோபாவில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். அரிசி, துவரம்பருப்பு, புளி, சாம்பார்பொடி, ஊறுகாய், தோசைக்கல், ஐஸ் பெட்டியில் தயிர் என்று, குடும்பத்தோடு தீவிலேயே குடியேறப் போகிறவர் மாதிரி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கடைசியாகக் குக்கரைக் கழுவித் துடைத்து, காஸ்கெட்டை இழுத்துப் பார்த்து, ஒரு போர்வையில் சுற்றி டிக்கியில் உட்கார வைத்தார். பிள்ளையை உட்கார வைக்கிற கவனம். நான் திரும்பிக்கொண்டேன்.

விடிவதற்கு முன் கிளம்பி நாள் முழுக்க ஓட்டினார். கரையில் காரை நிறுத்திவிட்டு, தபால் கொண்டுபோகிற சின்னப் படகில் மூட்டைகளோடு ஏறினோம். படகுக்காரர் அரிசி மூட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, எத்தனை மாதம் தங்குவதாக உத்தேசம் என்று கேட்டார். இவர் சீரியஸாக, "ஃபைவ் டேஸ்" என்றார்.

வீட்டுக்குச் சொந்தக்காரம்மா படகுத்துறைக்கே வந்து நின்றார். அறுபதைத் தாண்டியவர், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையில் ஒரு தள்ளுவண்டி. எங்கள் மூட்டைகளை அதில் போட்டுத் தள்ளிக்கொண்டே வீட்டின் சரித்திரத்தைச் சொன்னார். மீன் பிடிக்கிறவர் ஒருவர் கட்டிய வீடாம். கட்டியது இந்தத் தீவில் இல்லை, அதோ தெரிகிறதே, அந்தத் தீவில். தொழிலுக்கு வசதி என்று அவர் இங்கே வரப் பார்த்தார். பெண்டாட்டி வர மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றுவிட்டாள். எத்தனையோ சொல்லிப் பார்த்து, கடைசியில் வீட்டையே அடியோடு பெயர்த்துத் தெப்பத்தில் ஏற்றி இங்கே இழுத்து வந்துவிட்டார்களாம். அலமாரியில் இருந்த தட்டுகளைக்கூட எடுக்கவில்லை, ஒன்றும் உடையவில்லை என்றார் அந்தம்மா, நேற்று நடந்த மாதிரிப் பெருமையாக.

அந்த மீனவர் பெண்டாட்டியை எனக்கு அங்கேயே பிடித்துப்போனது.

வீடு சின்னது. கீழே ஒரு கூடம், சமையலறை. மேலே சாய்ந்த கூரைக்கு அடியில் ஒரு படுக்கையறை. நிலைகள் எல்லாம் குட்டை, இவர் முதல் பத்து நிமிஷத்தில் மூன்று தடவை தலையை இடித்துக்கொண்டார். தண்ணீருக்குச் சமையலறையிலேயே கைப்பம்பு. சிலிண்டர் அடுப்பு. தலைக்கு மேலே மச்சு வெள்ளைப் பலகை, நாற்காலியில் ஏறினால் எட்டும். மெழுகுவர்த்தி ஏற்றக்கூடாது, சுவரில் ஆணி அடிக்கக்கூடாது, அந்தப் பலகைகள் பழையவை, பார்த்து நடந்துகொள்ளுங்கள் என்று மூன்று தடவை சொல்லிவிட்டு அந்தம்மா போனார்.

இவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு மூட்டையைப் பிரித்தார். அரிசி வந்தது, பருப்பு வந்தது, குக்கர் வந்தது, மூடி வந்தது. அப்புறம் பையைக் கவிழ்த்தார். போர்வையை உதறினார். தன் பேன்ட் பாக்கெட்டைக்கூடத் தடவிப் பார்த்தார்.

"வெயிட்டக் காணம்" என்றார்.

குக்கரைக் கழுவி, விசில் அடிக்கிற அந்த வெயிட்டை மட்டும் தனியாகக் கழட்டிக் காய வைத்திருக்கிறார். அது பார்சிப்பனியில், பாத்திரம் கவிழ்க்கிற கூடையில், ஜம்மென்று காய்ந்துகொண்டிருக்கிறது.

"நல்லா இருக்குது" என்றேன். "ஊரையே தூக்கிட்டு வந்தீங்க, அத விட்டுட்டு வந்துட்டீங்க."

வெயிட் இல்லாவிட்டால் என்ன, ஒரு பாத்திரத்தில் வடித்தால் சோறு ஆகாதா? ஆகும். எனக்கு நன்றாகத் தெரியும், எங்கள் வீட்டில் நான் கல்யாணமாகிப் போகிற வரை வடித்த சோறுதான். ஆனால் நான் சொல்லவில்லை. என்ன பாடு படுகிறாரோ படட்டும் என்று இருந்துவிட்டேன். அவ்வளவு கெட்ட புத்தி எனக்கு அப்போது இருந்தது. அவருக்கோ, சோறு என்றால் குக்கர், குக்கர் என்றால் மூன்று விசில். படித்தது மெக்கானிக்கல் இன்ஜினியரிங்.

அன்று ராத்திரிக்கு பிரட்டும் ஊறுகாயும். மறுநாள் காலையில் பிரட்டும் தயிரும். தீவின் ஒரே கடையில் போய் விசாரித்துவிட்டு வந்தார். குக்கர் வெயிட் என்பதை அந்தக் கடைக்காரருக்குக் கையால், வாயால், விசில் அடித்தும் காட்டினாராம். அவர் ஒரு நாய் விசிலை எடுத்துக் கொடுத்தாராம். இதை வந்து சொன்னபோதுகூட நான் சிரிக்கவில்லை. சிரிப்பு தொண்டை வரை வந்தது, பிடித்து வைத்துக்கொண்டேன்.

மதியம் நான் வெளியே படியில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே டக்டக்கென்று ஏதோ நறுக்கும் சத்தம். பிறகு அடுப்பு பற்றும் சத்தம். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தால், குக்கரில் துவரம்பருப்பை மஞ்சள்பொடி போட்டு ஏற்றிவிட்டு, வெயிட் மாட்டுகிற குழாயின் மேல் ஒரு உருளைக்கிழங்குத் துண்டைச் செருகிக்கொண்டிருக்கிறார்.

"ஏனுங்க, என்ன பண்றீங்க?"

"பிரஷர் ஏறினா அதுவே லூஸாகி லூஸாகி ஸ்டீம விடும் கண்ணு. பிரின்சிபிள் ஒண்ணுதான்."

"எடுங்க அத. வெடிச்சுத் தொலையப் போகுது."

"சேஃப்டி வால்வு இருக்குதுல்ல."

நான் உள்ளே ஓடி அடுப்பை அணைக்கக் கையை நீட்டினேன். அதற்குள் டொப் என்று ஒரு சத்தம். உருளைக்கிழங்கு மச்சில் அடித்து எங்கேயோ தெறித்தது. பின்னாலேயே மஞ்சள் பருப்புத் தண்ணீர் குழாயிலிருந்து ஒரு கோடாக மேலே போய், அந்த வெள்ளைப் பலகையில் அடித்து விரிந்தது. அடுப்பை அணைத்துவிட்டு இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தோம். ஒரு பெரிய தட்டு அளவுக்கு மஞ்சள் வட்டம். பலகையிலிருந்து ஒரு சொட்டு அவர் மூக்குக் கண்ணாடியில் விழுந்தது.

"அய்யோ, பழைய வீடு" என்று பதறி, நாற்காலியில் ஏறி, சிங்க்கில் இருந்த சோப்பை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார். மஞ்சளில் சோப்பு பட்டால் என்ன ஆகும் என்று புடவைக் கறை துவைத்த எந்தப் பெண்ணுக்கும் தெரியும். வட்டம் செக்கச்செவேல் என்று சிவந்தது. அவர் தேய்க்கத் தேய்க்கச் சிவந்தது. கையில் சிவப்பு, சட்டையில் மஞ்சள், நாற்காலி மேல் நின்று என்னைப் பரிதாபமாகத் திரும்பிப் பார்த்தார்.

"மஞ்சள் குங்குமம் ரெண்டும் வச்சாச்சு" என்றேன். "இனி ஆரத்தி எடுக்கறது ஒண்ணுதான் பாக்கி."

சொல்லி முடிப்பதற்குள் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ஆறு மாதத்துச் சிரிப்பு. பம்பைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்து சிரித்தேன். அவரும் நாற்காலியிலிருந்து இறங்கிச் சிரித்தார். வயிற்றைப் பிடித்த கை அங்கேயே நின்றுவிட்டது. பிப்ரவரி வரை அந்தக் கை அங்கேதானே இருந்தது. சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார். அப்போதுதான் பார்த்தேன், அவரும் அழுதுகொண்டிருந்தார்.

"எதுக்குங்க இந்த ஒரு வாய்ச் சோத்துக்கு இவ்வளவு அலப்பறை? பிரட் திங்க முடியாதா அஞ்சு நாளு?" என்று கேட்டேன்.

"சோத்துக்கு இல்ல கண்ணு."

"பின்ன?"

தரைப் பலகையைச் சுரண்டிக்கொண்டே சொன்னார். முன்பெல்லாம் ஆபீஸ் விட்டு வந்து காரை நிறுத்தும்போது, எங்கள் சமையலறை ஜன்னலில் இருந்து விசில் சத்தம் கீழே கேட்குமாம். அது கேட்டால் நான் இருக்கிறேன், நன்றாக இருக்கிறேன் என்று மனதுக்குத் தெம்பாக இருக்குமாம். பிப்ரவரிக்குப் பிறகு தினமும் வந்து காரை நிறுத்திவிட்டு, அரை மணி நேரம் அதிலேயே உட்கார்ந்திருக்கிறார். கார் ஜன்னலை இறக்கிவிட்டு, குளிரில்.

"இன்னிக்குக் கேக்கும் இன்னிக்குக் கேக்கும்னு உக்காந்திருப்பேன். அழுகறதா இருந்தா அங்கயே அழுதுட்டு மேல வருவேன். உன்ற முன்னால அழுதா நீ இன்னும் ஒடஞ்சு போயிருவீன்னு... புது எடமா இருந்தா, நீயே அடுப்பப் பத்த வெப்பியோ என்னமோன்னுதான் இங்க கூட்டிட்டு வந்தேன். விசில் சத்தம் கேக்கோணும்னு கொண்டாந்தேன். அத மட்டும் மறந்துட்டேன்."

ஜன்னல் வழியாக நாள் முழுக்கப் பார்க்கிங் லாட்டைப் பார்த்தவள் நான். இருட்டினதும் திரைச்சீலையை இழுத்து விட்டுவிடுவேன். அதற்குப் பிறகுதான் இவர் கார் வந்து நின்றிருக்கிறது. மடையன், மடையன் என்று மனதுக்குள் திட்டினேன். அவரையா என்னையா என்று கேட்டால் இரண்டு பேரையும்தான்.

மறுநாள் நான் அடுப்படிக்குப் போனேன். வீட்டு அலமாரியில் நீலப் புள்ளி போட்ட பெரிய பீங்கான் பூச்சுப் பாத்திரம் ஒன்று இருந்தது, லாப்ஸ்டர் என்கிற பெரிய இறாலை அவிக்கிறதுக்காம். மூன்று தடவை தேய்த்துக் கழுவினேன். உலை வைத்து, அரிசியைக் களைந்து போட்டு, ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தேன். வாசனை வந்தது. குமட்டவில்லை. தட்டை வைத்து மூடி, துணியால் இரண்டு பக்கமும் பிடித்து, சிங்க்கில் ஒரு கிண்ணத்தை வைத்துக் கஞ்சியை வடித்தேன்.

அவர் நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இப்பிடி ஒரு வழி இருக்கறது தெரிஞ்சுமா ரெண்டு நாளா என்னப் பிரட் திங்க உட்ட?"

"ஆமா."

"சரியான ஆளு" என்றார்.

கஞ்சியில் உப்புப் போட்டு ஆளுக்கு ஒரு கப் குடித்தோம். பருப்பும் சோறும் நான் இரண்டாம் தடவை போட்டுக்கொண்டேன். நான் சாப்பிடுவதை அவர் பார்க்காத மாதிரிப் பார்த்தார்.

அதற்கடுத்த நாள் அவரை வடிக்கச் சொன்னேன். தட்டை நழுவவிட்டுப் பாதிச் சோற்றை சிங்க்கில் கொட்டினார், விரலைச் சுட்டுக்கொண்டார். "துணிய இறுக்கிப் புடிங்க, சாய்க்கும்போது மூஞ்சியத் தூரமா வெச்சுக்கங்க" என்று பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருந்தேன். திடீரென்று பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"நீ போறதுக்காகத்தான சொல்லித் தர்ற?"

பொய் சொல்லப் பிடிக்கவில்லை. "ஆமாங்க."

"திரும்பி வருவியா?"

"தெரியலீங்க. நெசமாவே தெரியல."

"செரி" என்றார். பாத்திரத்தை எடுத்து மறுபடி சாய்த்தார். இந்தத் தடவை ஒரு பருக்கை விழவில்லை.

கிளம்புகிற அன்று அந்தம்மா தள்ளுவண்டியோடு வந்தார். இவர் ராத்திரியெல்லாம் ஒத்திகை பார்த்த இங்கிலீஷில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, பலகைக்குப் பெயின்ட் அடித்துத் தருகிறேன் என்றார். அந்தம்மா அண்ணாந்து வெகுநேரம் பார்த்தார். மூன்று நாளில் சிவப்பு வெளுத்து மறுபடி மஞ்சளாகியிருந்தது. இது என்ன நிறம் என்று கேட்டார். நான் மஞ்சள்பொடி டப்பாவைத் திறந்து காட்டினேன். முகர்ந்து பார்த்தார். பெயின்ட் வேண்டாம், கடலில் மிதந்து வந்தபோது பிழைத்த வீடு, இது இருந்துவிட்டுப் போகட்டும், அடுத்து வருகிறவர்களுக்குச் சொல்ல எனக்கு ஒரு கதை ஆயிற்று என்றார். டப்பாவை அவரிடமே கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால், கூடையில் வெயிட் அப்படியே இருந்தது. அவர் அதை எடுத்துச் சட்டையில் துடைத்துக் குக்கர் மேல் வைத்தார். ஆனால் நான் அதைப் போட்டுச் சமைக்கவில்லை, கிளம்புகிற வரை வடித்துத்தான் போட்டேன். விசில் அடிக்க விட்டால் அது வாக்குக் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று பட்டது. வாக்குக் கொடுத்துவிட்டு மீற எனக்கு வராது.

செப்டம்பரில் நியூவார்க் ஏர்போர்ட்டில் என்னை ஏற்றிவிட்டார். "ஒடம்பப் பாத்துக்க கண்ணு" என்றார். எப்போது வருவாய் என்று கேட்கவில்லை. பொள்ளாச்சி வந்து பத்து நாள் தூங்கினேன், அம்மா ஊட்டாத குறைதான். அங்கே யாரும் என்னை எதற்கும் அவசரப்படுத்தவில்லை. இருந்துவிடலாம் என்று சில நாள் தோன்றியது. சில நாள், பார்க்கிங் லாட்டில் நிற்கிற அந்தக் காரின் நினைப்பே வந்துகொண்டிருந்தது.

மூன்றாம் வாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வந்தது. காலிங் கார்டில் கூப்பிட்டால் பேச்சு ஒரு நொடி தள்ளித்தான் வந்து சேரும். உடம்பு, அம்மா, மழை என்று விசாரித்துவிட்டுத் தயங்கினார்.

"கண்ணு, ஒரு விஷயம். குக்கர் வெயிட்டக் காணம். எல்லாப் பக்கமும் தேடிட்டேன். நீ எங்காச்சும் எடுத்து வெச்சியா? இல்லீன்னா எடிசன்ல நம்மூருக் கடையில புதுசு ஒண்ணு வாங்கிரட்டுமா?"

என் ஹேண்ட்பேக் எதிரே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கிளம்பின அன்று காலையில், அவர் பெட்டியைக் கீழே இறக்கப் போன நேரத்தில், என் கை குக்கர் மேலிருந்த வெயிட்டை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றி உள்ளே போட்டது. நான் இல்லாத வீட்டில் விசில் சத்தமும் வேண்டாம் என்கிற கோபத்தில் எடுத்தேனா, வேறு எதற்காகவாவது எடுத்தேனா, இந்த மூன்று வாரமும் எனக்கே தெரியாது. புதுசு வாங்கட்டுமா என்று அவர் கேட்டதும், எதற்காக எடுத்தேன் என்று தெரிந்துவிட்டது.

"வாங்க வேண்டாங்க" என்றேன். "என்ற பேக்லதான் இருக்குது. வரும்போது கொண்டாறேன்."

அந்த ஒரு நொடி போனது. இன்னொரு நொடியும் போனது. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது, இந்தத் தடவை காருக்குள் இல்லை.

"அதுவரைக்கும் வடிச்சுச் சாப்பிடுங்க" என்றேன்.